இரும்புப்பல்லின் கடைசி மூணடி

இரும்புப்பல் குழுவின் ரசிகர்களுக்கு அன்பு என்றால் அடிதான். வேறு பாஷை தெரியாத ஜென்மங்கள். மற்ற பாட்டுக்குழுக்களின் ரசிகர்கள் கை தட்டுவார்கள், செல்போன் விளக்கை ஆட்டுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இவர்கள் பக்கத்தில் நிற்கிறவன் நெஞ்சில் குத்துவார்கள். அந்தக் குழுவின் எந்தப் பாட்டானாலும் முடிவு ஒன்றுதான்: குரல் நிற்கும், கிதார் நிற்கும், டிரம்ஸ்காரன் மட்டும் பெரிய டிரம்மில் மூன்று தரம் அடிப்பான். தொம். தொம். தொம். அந்த மூன்றுக்கும் ரசிகனும் அவன் கூட்டாளியும் ஒருவர் நெஞ்சில் ஒருவர் மாறி மாறிக் குத்திக்கொள்ள வேண்டும். இதற்கு மூணடி என்று பெயர். மூணடியில் விலா எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அந்த எக்ஸ்ரேவைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள், பெண்டாட்டிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

டிரம்ஸ்காரனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சுத்தியல். பாடுகிறவன் தொண்டை. கிதார்க்காரர்கள் இரண்டு பேருக்கும் கம்பி, தடிக்கம்பி. அதற்குமேல் யோசிக்க இந்தக் கும்பலுக்குப் பொறுமை இல்லை. முப்பது வருஷமாக உலகத்தின் காதைக் கிழித்த குழு அது. போன வருஷம் சுத்தியல் செத்துப்போனான். மீதி மூன்று பேரும் அன்று மூடிய வாயைத் திறக்கவே இல்லை. இப்போது திடீரென்று ஓர் அறிவிப்பு: கடைசிப் பாட்டு, கடைசி வீடியோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியாகிறது, அதோடு கடையைக் கட்டுகிறோம்.

டயர் கடைச் சகோதரர்களை எல்லாரும் பெரிய டயர், சின்ன டயர் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிச் சக்கரத்தின் விளிம்பிலிருந்து டயரைப் பிரிக்க நாள் முழுக்கச் சம்மட்டி போடுகிற கைகள். அப்பா போனபிறகு சின்னவனுக்குச் சோறு போட்டது அண்ணன், சம்மட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது அண்ணன், காதில் இரும்புப்பல்லை ஊற்றியதும் அண்ணன். சின்னவனுக்கு அண்ணன் என்றால் உயிர். அதை வாயால் சொல்ல வராது. மூணடியில் சொல்லலாமென்றால் அதற்கும் கொடுப்பினை இல்லை. அண்ணனுக்கு வாலிபத்திலேயே ஒரு கூட்டாளி வாய்த்துவிட்டான்: கடைக்கு எதிரே கறிக்கடை வைத்திருப்பவன். மூணடிக் கூட்டாளியை மாற்றுகிற வழக்கம் கிடையாது. கட்டினவளை விட்டவன்கூட இந்தக் கூட்டத்தில் இருக்கிறான், கூட்டாளியை விட்டவன் இல்லை. சின்னவனுக்குக் கிடைத்தது ஓர் எலக்ட்ரீஷியன். குத்துவதற்கு முன்னால் "வலிக்குமா?" என்று கேட்கிற ஆள்.

அதனால் கறிக்கடைக்காரன் பெயரை எடுத்தாலே சின்னவனுக்கு முகம் கோணிக்கொள்ளும். அண்ணி விடமாட்டாள். "வந்துட்டாரு பாரு உன் சக்களத்தி! மூஞ்சியைக் கொஞ்சம் நேரா வை தம்பி, பால் திரிஞ்சுடப் போவுது" என்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், கடையில் டயர் உருட்டிக்கொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். இதயத்து ரத்தக் குழாயில் அடைப்பு. நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறந்து வேலையை முடித்து, கம்பி போட்டு முடுக்கி மூடினார்கள். எலும்பு கூடுகிறவரை கனம் தூக்கக்கூடாது, நெஞ்சில் சின்ன அடிகூடப் படக்கூடாது, கம்பி விட்டுப்போனால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் கையை விரித்தே சொல்லியிருந்தார். ஆபரேஷன் அன்று சின்னவனைக் கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவன் போடப்போகிற கூச்சலுக்கு அவ்வளவு பயம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தம்பியைக் கூப்பிட்டான். "நம்ம ரசிகர் சங்கத்துல எவனுக்கும் தெரியக்கூடாது. குடல் ஆபரேஷன்னு சொல்லு. நெஞ்சு போன கேசுன்னு தெரிஞ்சா என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தள்ளி வச்சிடுவானுங்க."

இந்த நிலைமையில்தான் கடைசி வீடியோ. கூடிப் பார்க்கவேண்டும், கூடிக் குத்தவேண்டும். அண்ணன் போகாமல் இருப்பானா? அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிற வேலை வந்துவிட்டது. காலையில் வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவனை வாசலில் மடக்கினாள்.

"அவரைத் தடுத்தா அந்த ஏக்கத்துலயே படுத்துடுவாரு. அதான் விடுறேன். ஆனா உன்னை நம்பித்தான் விடுறேன். அவர் நெஞ்சுல ஒரு தூசி படக்கூடாது, ஆமா!"

"நான் செவுரு மாதிரி நிப்பேன் அண்ணி. எவன் கையை ஓங்கினாலும் அந்தக் கையை உடைச்சு அவன்கிட்டயே குடுத்துடுவேன்."

"உடைக்கல்லாம் வேணாம். சும்மா முன்னால நில்லு, போதும்."

சொன்னாள். எந்தக் காதில் ஏறியது?

சங்கத்துக்காரர்கள் கூடியது ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில். காலி பெயிண்ட் டப்பாக்களை ஒரு மூலையில் குவித்துவிட்டு, இரும்பு மடக்கு நாற்காலிகளைப் போட்டு, சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டித் திரையாக்கியிருந்தார்கள். ஏறி இறங்க ஒரே ஒரு குறுகிய படிக்கட்டு. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால் உள்ளே வியர்வையும் பெயிண்ட் கரைக்கிற தின்னர் நாற்றமும் குமட்டியது. எலக்ட்ரீஷியன் புரொஜக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். முடிவெட்டுகிறவர் தலையை மழித்து, உச்சந்தலையில் சுத்தியல் படம் பச்சை குத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செத்தவனுக்காக ஒரு வருஷமாக அப்படியே இருக்கிறார். அந்தத் தலையோடு தொழில் நடத்துகிற தைரியத்தை என்னவென்று சொல்ல!

அண்ணனைப் பார்த்ததும் கறிக்கடைக்காரன் எழுந்து வந்தான். கதவை அடைக்கிற உடம்பு. "வாடா மச்சான்" என்று அண்ணன் தோளில் கையைப் போட்டான். அண்ணன் சிரித்தபடி அவன் காதில் என்னமோ சொன்னான், அவனும் தலையை ஆட்டினான். சின்னவன் இடையில் புகுந்து நின்றான். இரண்டு பேரும் அவனைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சிறுவயதிலிருந்து இதே சிரிப்புத்தான், இதே குசுகுசுப்புத்தான், கதவுக்கு வெளியே நிற்கிறவன் எப்போதும் அவன்தான்.

வீடியோ ஓடத் தொடங்கியது.

காலியான ஒரு கிடங்கு. தொண்டை ஊன்றுகோலோடு வந்து நின்றான்; கம்பிக்கும் தடிக்கம்பிக்கும் தலை பஞ்சாக நரைத்திருந்தது. நடுவில் சுத்தியலின் டிரம்ஸ், மேலே வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. பாட்டு ஆரம்பித்தது. டிரம்ஸ் இல்லை. இப்போது வரும், அடுத்த அடியில் வரும் என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவே இல்லை. தொண்டை மட்டும் கிழிந்த குரலில் பாடிக்கொண்டே போனான். திரையின் ஓரத்தில் எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் எழுதுவது ஓடிக்கொண்டிருந்தது: அழுகிறேன் என்று ஒருத்தன், ஏமாத்துக்காரனுங்க என்று ஒருத்தன், தெய்வமே என்று ஒருத்தி, என் காசைத் திருப்பிக் குடு என்று இன்னொருத்தன்.

"டிரம்ஸ் எங்கடா?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"வாயை மூடுடா! செத்தவனுக்கு மரியாதை அது!"

"மரியாதையா? சோம்பேறித்தனம்!"

பாட்டு நின்றது. மூணடி விழவேண்டிய இடம். மாடி முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டது. கைகள் தாமாக முஷ்டியாக மடங்கின. திரையில் தொண்டை வெள்ளைத் துணியை உருவிக் கீழே போட்டான். பக்கத்திலிருந்து ஒரு கோடாலியை எடுத்தான். பெரிய டிரம்மின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் ஓங்கினான்.

"டேய், வேணாம்டா!" என்று முடிவெட்டுகிறவர் திரையைப் பார்த்துக் கதறினார்.

கோடாலி இறங்கியது. தொம்.

இங்கேதான் வந்தது வினை. அது டிரம்மை உடைத்த சத்தமா, மூணடியின் முதல் அடியா? பாதிப் பேருக்கு உடம்பு யோசிக்கவில்லை, குத்திவிட்டார்கள். மீதிப் பாதிக்கு, தங்கள் சுத்தியலை இரண்டாம் தரம் கொல்கிறபோது நெஞ்சில் கைவைத்தவனெல்லாம் அந்தக் கொலையில் கூட்டு. குத்து வாங்கியவன் திருப்பி மூக்கில் குத்தினான். ஒரு நொடியில் மாடி இரண்டாகப் பிளந்துவிட்டது.

அந்த ஒரு நொடியில்தான் கறிக்கடைக்காரன் அண்ணன் பக்கம் திரும்பி, வலது முஷ்டியைத் தலைக்குமேல் உயர்த்தினான்.

சின்னவன் பார்த்தது அதை மட்டும்தான். எலும்பு வெட்டிப் பழகிய கை, கீழே அண்ணன் நெஞ்சு, நெஞ்சுக்குள் கம்பி. முன்னால் போய் நின்றால் போதும். இரண்டு அடி எடுத்து வைத்திருந்தால் அந்தக் குத்தைத் தன் முதுகில் வாங்கியிருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. சம்மட்டி போடுகிற கை பின்னால் போய் முன்னால் வந்தது. கறிக்கடைக்காரன் தாடை, காய்ந்த மரக்கிளை முறிகிற மாதிரி முறிந்தது. சத்தம் சின்னவன் முஷ்டியிலேயே கேட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நேரத்தில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமாகக் குத்த நினைத்த முகம் அது. கறிக்கடைக்காரன் கண் செருகிச் சாய்வதற்குள் இன்னொன்றும் விட்டான், அதற்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

நாற்காலிகளோடு சேர்ந்து அந்த உடம்பு விழுந்தது.

"டேய்!" என்று அண்ணன் அலறிய அலறலில் சின்னவன் திரும்பினான். அப்படியொரு முகத்தை அவன் அண்ணனிடம் பார்த்ததில்லை. "என்னடா பண்ணிட்டே பாவி! அவனுக்குத் தெரியும்டா!"

"உன்னைக் குத்த வந்தான் அண்ணே! கையை ஓங்கினான்..."

"என் பங்கையும் சேத்துத் தன் நெஞ்சுலயே குத்திக்கிறேன்னு சொன்னான்டா! அதுக்குத்தான்டா ஓங்கினான்! ஆபரேஷன் அன்னைக்கு எனக்கு ரத்தம் குடுத்ததே அவன்டா! அவன் பேரைச் சொன்னா நீ மூஞ்சியைத் தூக்குவேன்னு உன்கிட்டச் சொல்லல!"

திரையில் கம்பி கோடாலியை வாங்கி ஓங்கினான். தொம்.

அதோடு மாடியில் யாருக்கும் யார் என்று தெரியாமல் போயிற்று. முடிவெட்டுகிறவர் இரும்பு நாற்காலியை மடக்கி, எதிரே வந்தவர்களையெல்லாம் சாத்திக்கொண்டே வந்தார். "கொன்னுட்டாங்க! மறுபடி கொன்னுட்டாங்க!" என்று அழுதுகொண்டே அடித்தார். "எவனும் தொடக்கூடாதுன்னுதான்டா உடைச்சாங்க, மரமண்டை!" என்று இன்னொருவன் அவர் மழித்த தலையில் பெயிண்ட் டப்பாவால் போட்டான், பச்சை குத்திய சுத்தியல்மேல் ரத்தம் வழிந்தது. ஜன்னல் கண்ணாடி உடைந்து தெருவில் விழுந்தது. எலக்ட்ரீஷியன் புரொஜக்டரைப் பிள்ளையைப்போல் கட்டிப்பிடித்துக்கொண்டு மேசைக்கடியில் கிடந்தான். படம் இப்போது கூரையில் ஓடியது.

கறிக்கடைக்காரன் நாற்காலிகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தான். வாயில் ரத்தமும் உடைந்த பல்லுமாக அடைத்துக்கொண்டு கரகரவென்று மூச்சு இழுத்தான். அவன் முதுகின் மேலேயே ஆட்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் அவன் கையை மிதித்துக்கொண்டு நின்று இன்னொருவனின் சட்டையைக் கிழித்தான்.

அண்ணன் அந்தப் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, வேணாம்! நான் தூக்கறேன்! நீ தொடாத!" என்று சின்னவன் பாய்ந்தான். பாதி தூரம் போகவில்லை, முடிவெட்டுகிறவரின் நாற்காலி அவன் பிடரியில் இறங்கியது. முழங்கால் மடங்கிற்று. எழப் பார்த்தான், யாரோ முடியைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கையைக் கடித்தான். கடித்த வாயில் ஒரு காலணி வந்து விழுந்தது. உதடு கிழிந்த ருசியோடு, கால்களுக்கு நடுவிலிருந்துதான் அவன் அதைப் பார்த்தான்: அண்ணன் இரண்டு கையையும் கூட்டாளியின் அக்குளுக்கடியில் கொடுத்து, லாரி டயரைத் தூக்குகிற மாதிரியே இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்துத் தூக்கினான்.

தடிக்கம்பியின் முறை. கூரையில் கோடாலி மின்னியது. தொம்.

கறிக்கடைக்காரன் எழும்பி உட்கார்ந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியதும் மூச்சு வந்தது. அவன் பிழைத்தான். அண்ணன் அவனைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் அப்படியே நின்றான். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்துத் தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டான், விட்டால் பிரிந்துவிடும் என்கிற மாதிரி. வெள்ளைச் சட்டையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு தானாக எழுந்தது.

சின்னவன் எப்படி எழுந்தான், எத்தனை பேரை அடித்துத் தள்ளி அண்ணனைப் படிக்கட்டுவரை தாங்கி வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. படிக்கட்டில் மூன்று பேர் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "வழி விடுங்கடா, எங்கண்ணன் சாவுறான்டா!" என்று கத்தினான். எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடுவில் இருந்தவனின் தலையைச் சுவரில் மோதி, மூன்று பேரையும் சேர்த்து உருட்டிவிட்டான். அவர்கள் கீழே போய் விழுந்தும், உடைச்சது சரியா தப்பா என்று சண்டையை விடவில்லை.

தெருவில் யாரோ கூப்பிட்ட ஆம்புலன்ஸில் வந்த பெண் அண்ணனின் சட்டையைக் கத்தரித்துப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "கம்பி விட்டுடுச்சு, எலும்பு பிரிஞ்சிருக்கு. உடனே திறக்கணும். உள்ளுக்குள்ள ரத்தம் நிறையக் கசியுது" என்று டிரைவரிடம் சொன்னாள். பக்கத்துப் படுக்கையில் கறிக்கடைக்காரனை ஏற்றினார்கள். தாடை தொங்க, பேச முடியாமல், அவன் கையை நீட்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னவன் ஏறப்போனான்.

"அவன் வேணாம்" என்றான் அண்ணன். கண்ணைத் திறக்கவில்லை. "அவனை ஏத்தாதீங்க."

எலக்ட்ரீஷியன்தான் ஏறிக்கொண்டான். கதவைச் சாத்தினார்கள், வண்டி போயிற்று.

சின்னவன் நடைபாதையில் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்றான். மேலிருந்து இன்னும் நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. முடிவெட்டுகிறவர் தள்ளாடிக்கொண்டு இறங்கி வந்தார். காது கிழிந்து தொங்கியது. அவனை அடித்தது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. "நீயே சொல்லு தம்பி. அவனுங்க பண்ணது நியாயமா? நீ எந்தப் பக்கம்?" என்று அழுதார்.

சின்னவனுக்கு வீடியோவில் என்ன வந்தது என்றே நினைவில்லை. அவரைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தான். ரத்தம் பட்ட திரையில் விரல் வழுக்கி, மூன்றாம் தடவைதான் எண் விழுந்தது. அந்தப் பக்கம் வேனுக்குள் பிள்ளைகள் ஒரே கூச்சல்.

"என்ன தம்பி, முடிஞ்சுதா? அவர் நெஞ்சுல யாரும் கை வைக்கலியே?" என்றாள் அண்ணி.

"யாரும் வைக்கல அண்ணி. ஒரு விரல்கூடப் படல." மூக்கிலிருந்து ரத்தமும் கண்ணீரும் ஒன்றாக வாய்க்குள் போயிற்று. "நான் கறிக்கடை அண்ணனை அடிச்சுட்டேன் அண்ணி. தாடையை உடைச்சுட்டேன். கீழ விழுந்துட்டாரு."

பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே வேன் ஓரம்கட்டி நிற்பது கேட்டது. ஏன் அடித்தாய், எதற்கு அடித்தாய் என்று எதையும் அண்ணி கேட்கவில்லை. புருஷனை அவளுக்குத் தெரியும்.

"இவர் குனிஞ்சு தூக்கினாரா?" என்றாள்.

"தூக்கிட்டாரு அண்ணி."